ஒரே ஒரு மேரி கியூரி போதாது

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். மறுநாள் நாளிதழில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி. 2024ஆம் ஆண்டு மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான், அதற்கும் முந்தைய ஆண்டும் அப்படித்தான். இயற்பியலில் சதம், வேதியியலில் சதம். தலைமையாசிரியர் சால்வை போர்த்துகிறார், அம்மா லட்டு ஊட்டுகிறார், போட்டோ அச்சாகிறது.

சரி மகளே, பத்து வருடம் கழித்து அந்த போட்டோவில் இருந்தவள் எங்கே இருக்கிறாள்?

நம் நாட்டில் அறிவியல் பட்டப்படிப்பில் சேருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். ஆனால் நேரடியாக ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களை 2018இல் கணக்கெடுத்தபோது பெண்கள் 16.6 சதவீதம்தான். ஆறு பேரில் ஒருத்தி. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? பட்டம் வாங்கிய மறுநாள் மூளை மழுங்கிப்போனதா? ஒருவருக்கும் மழுங்கவில்லை. போகிற வழியில் ஒவ்வொருத்தியாக இறக்கிவிடப்பட்டாள். இறக்கிவிட்டவர்கள் எதிரிகளும் இல்லை. அன்பாகப் பேசித்தான் இறக்கிவிட்டார்கள்.

“பி.எஸ்சி. முடிச்சிட்டு ஒரு பி.எட். போட்டுடு, பொம்பளப் புள்ளைக்கு அதுதான் கௌரவம்.” “பிஎச்.டி. வரைக்கும் போனா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைய எங்க போய்த் தேடுறது?” “ராத்திரி பத்து மணிக்கு லேப்ல என்ன வேலை?” “கல்யாணத்த முடிச்சிட்டு அப்புறம் எவ்வளவு வேணா படி, யாரு வேணாங்கிறா?” இவற்றில் ஒன்றையாவது கேட்காத பெண் தமிழ்நாட்டில் இருக்கிறாளா? ஆசிரியப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பி அந்த வேலைக்குப் போகிறவளை வணங்குகிறேன். ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டவளை அங்கே தள்ளிவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பேச்சுகளுக்கு உன்னால் ஏன் பதில் சொல்ல முடிவதில்லை தெரியுமா? உனக்குத் திறமை குறைவு என்பதால் இல்லை. “இதோ, என்னைப் போல ஒருத்தி போயிருக்கிறாள்” என்று விரல் நீட்டிக் காட்ட உன்னிடம் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் போகவில்லை, உனக்குக் காட்டாமல் விட்டார்கள்.

டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். 1983இல் வெளியான அந்த ஆய்வில் 4,807 படங்கள். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி, சோதனைக் குழாய், எல்லாம் இருந்தன. பெண் விஞ்ஞானி எத்தனை படத்தில் இருந்தாள்? 28 படத்தில். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு பையன்கூடப் பெண்ணை வரையவில்லை. ஐம்பது ஆண்டுகளில் நடந்த இதே போன்ற ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, பிற்காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் வரைந்த படங்களில் நூற்றுக்கு 28 பெண் விஞ்ஞானிகள் என்ற நிலை வந்திருந்தது. இடையில் அந்த நாட்டுப் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை. அவர்கள் கண்ணில் பட்ட முகங்கள் மாறின. கண்ணில் பட்டதைத்தான் கை வரையும்.

நம் பள்ளி லேப் சுவரைப் பார். நியூட்டன், ஐன்ஸ்டைன், சர் சி.வி. ராமன், அப்துல் கலாம். ஓரத்தில் மேரி கியூரி. 1903இல் ஒன்று, 1911இல் ஒன்று என இரண்டு நோபல் பரிசு பெற்ற அந்த அம்மையாரைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும். ஆனால் செங்கோட்டையிலோ அரியலூரிலோ ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பாள்? வெள்ளைக்காரி, பாரிஸ்காரி, மேதை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரே ஒரு பெண்ணின் படம் மட்டும் சுவரில் இருந்தால், லட்சத்தில் ஒருத்திக்குத்தான் இது கைகூடும் என்றே அந்தச் சுவர் சொல்கிறது. அந்தச் சுவர் பொய் சொல்கிறது. எனக்குத் தெரிந்த சில பெண்களை உன் முன்னால் நிறுத்துகிறேன்.

முதலில் லலிதா. 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த பெண்ணுக்கு இந்தச் சமூகம் என்ன விதித்திருந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லலிதா அதை ஏற்கவில்லை. இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்றார். அதுவரை கிண்டி பொறியியல் கல்லூரியில் பெண் வாடையே கிடையாது. அவருடைய அப்பா அங்கே மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோ துணை நின்றார். 1940இல் நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் லலிதா ஒருவராய் உள்ளே போனார்.

தனியாக இருந்தார், தவித்தார். அப்போது அந்த அப்பா செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இந்தக் கல்லூரியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுத்தார். லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்று இன்னும் இருவர் சிவில் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ஒரு பெண் உள்ளே போனால் அவள் பின்னால் இருவர் வருவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

லலிதா 1943இல் பட்டம் வாங்கினார். அந்தச் சான்றிதழை நினைத்துப் பார். மாணவன் ஆண்தான் என்று வைத்துக்கொண்டு ‘அவன்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பெண்பாலுக்குரிய சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உன்னை எதிர்பார்க்காமல்தான் இந்த நாட்டில் பல படிவங்கள் அச்சாகியிருக்கின்றன. நீ போய் நில். திருத்த வேண்டிய வேலை அவர்களுடையது!

பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணைக்கான ஜெனரேட்டர் வேலைகளில் அவர் கை இருந்தது. வேலைக்குப் போகும்போது குழந்தையைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள் இருந்த ஊர் என்பதையும் பார்த்துத்தான் கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தார். இந்தச் சின்ன விவரத்தை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. அதற்கு ஏற்பாடு வேண்டும். ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு கூடியபோது அங்கே போய் உட்கார்ந்தார் இந்த லலிதா. பதினெட்டு வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் சொன்ன பெண்!

அடுத்து, ராத்திரி லேப்பில் என்ன வேலை என்று கேட்கிறார்களே, அவர்களுக்குச் சொல்ல ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன்.

அன்னா மணி, பீர்மேட்டில் 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு உதவித்தொகையில் போனார். காதில் போட மறுத்த வைரத்தை அங்கே ஆராய்ச்சி மேஜையில் வைத்தார். வைரங்களைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்து, அவை விடும் மங்கலான ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிய வேண்டும். ஒரு தகடு பதிய 15 மணி நேரம், சில வைரங்களுக்கு 20 மணி நேரம். நடுவில் எழுந்து வீட்டுக்குப் போனால் ஒளிப்பதிவு கெட்டுவிடும். ஆகவே இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்தார். 1942 முதல் 1945 வரை, கூட்டுப் பெயர் எதுவும் இல்லாமல் தன் பெயரில் மட்டும் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள். ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணம் சொல்லி பிஎச்.டி. தர மறுத்துவிட்டார்கள்.

மூன்று வருட ராத்திரிகள், ஐந்து கட்டுரைகள், கட்டி முடித்த ஆய்வேடு, எல்லாம் இருந்தும் பட்டம் இல்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? அழுதிருப்பாய், நானும் அழுதிருப்பேன். அவர் என்ன செய்தார்? இங்கிலாந்துக்குப் போக ஓர் உதவித்தொகை இருந்தது. இயற்பியலுக்கு இல்லை, வானிலைக் கருவிகளுக்கு. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போனார். 1948இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைச் செம்மைப்படுத்தி இங்கேயே செய்ய வைத்தார். 1953இல் அவருக்குக் கீழ் 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தப்பான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்ற பிடிவாதக்காரர். நாடு முழுவதும் விழும் வெயிலை அளந்து 1980இலும் 1981இலும் அவர் தந்த நூல்கள் சூரிய மின்சாரத் துறைக்கு அடிப்படை ஆவணங்கள் ஆயின. பிற்காலத்தில் காற்றாலைகளுக்காகப் பல இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார். இன்று அவருடைய ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது. அதை நிராகரித்தவர்களின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னா மணி நுழைந்த அந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா சோஹோனி அங்கே விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் சேர்க்க மறுத்தவர் சர் சி.வி. ராமன். நோபல் பரிசு பெற்றவர், நம் திருச்சி மண்ணில் பிறந்தவர், நாம் பெருமையோடு சுவரில் மாட்டியிருக்கிறவர். அவர் செய்தாலும் அநியாயம் அநியாயம்தான். கமலா அவருடைய அலுவலக வாசலிலேயே சத்தியாக்கிரகம் இருந்தார். ஒரு வருடம் சோதனைக் காலம், ஆண்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு வேலை செய்து காட்டினார். ராமன் மனம் மாறினார், பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு வெறும் நாற்பது பக்கம். பின்னாளில் பதநீரின் சத்தை ஆராய்ந்து, ஊட்டமில்லாத குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது எப்படி உதவும் என்று காட்டினார். பனைமரத்தடியில் நின்று பதநீர் குடிக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு இந்தக் கமலாவை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

பெரிய மனிதர் ஒருவர் ‘உன்னால் முடியாது’ என்றால் அது தீர்ப்பு இல்லை மகளே, அவருடைய அபிப்பிராயம். அபிப்பிராயம் மாறும். நீ அங்கே உட்கார்ந்தால் மாறும்.

கோயம்புத்தூருக்கு வா. அங்கே கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. 1934 முதல் ஐந்தாண்டு அங்கே வேலை பார்த்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார், கரும்பையும் சோளத்தையும் கலப்பினம் செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சமூகம். இந்த இரண்டும் போதாதா, உடன் வேலை செய்த ஆண்களின் முணுமுணுப்புக்கு? அங்கே மூச்சு முட்டியது. கிளம்பி லண்டன் போனார். மேலே குண்டு விழுந்துகொண்டிருந்த யுத்த காலத்தில் ஆராய்ச்சி செய்து, 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். நேரு அழைத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பைத் தந்தார். எண்பது வயதில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். சென்னை மதுரவாயலில் ஆய்வு வேலையில் இருந்தபடியே 1984 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மதுரவாயலைத் தாண்டி எத்தனை கல்லூரி பஸ்கள் தினமும் போகின்றன! அதில் உட்கார்ந்திருக்கும் தாவரவியல் மாணவிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி, ஊர் எதிர்க்க மன்னர் கல்லூரியில் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கைகள். அதைத் தோளில் ஏற்றுக் கடைசி மூச்சு வரை வளர்த்தவர் டாக்டர் சாந்தா. வேலூரில் ரோட்டா வைரஸ் ஆராய்ச்சியில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் ககன்தீப் காங். இந்தியாவில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் ஆள் அவர், 2019இல்.

இதெல்லாம் பழைய கதை, பெரிய குடும்பம் என்று யாராவது சொன்னால் நம் காலத்துக்கு வா. செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நிகார் ஷாஜி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநர் அவர்தான். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்தக் கலம் 15 லட்சம் கிலோமீட்டர் போய், 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. அரியலூர் வளர்மதி கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாணவி. 2012இல் ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர், தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை முதன்முதலாக 2015இல் பெற்றவர். இவர்கள் லட்சத்தில் ஒருத்தி இல்லை. அரசுக் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதி, வைவாவுக்குப் பயந்து, கேன்டீனில் டீ குடித்து வளர்ந்தவர்கள். உன்னைப் போல.

தோல்வியையும் சொல்ல வேண்டும். சென்னையைச் சேர்ந்த வனிதா முத்தையா சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர். 2019 செப்டம்பரில் லேண்டர் நிலவில் விழுந்து நொறுங்கியதை நாடே டி.வி.யில் பார்த்தது. ஆனால் சுற்றுக்கலன் தொடர்ந்து நிலவைச் சுற்றி வேலை செய்தது. நொறுங்கியதற்கான காரணங்களைப் பிரித்து மேய்ந்துதான் சந்திரயான்-3ஐக் கட்டினார்கள். அதன் இணைத் திட்ட இயக்குநர் கல்பனா என்ற பெண். அது நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்னா மணியின் பிறந்தநாள். ஒரு அரியர் விழுந்ததும் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போடுகிறாயே, கோடிக்கணக்கான பேர் பார்க்க விழுந்தவர்கள் எழுந்து வேலையைத் தொடர்ந்தார்கள். உனக்கு விழுந்தது ஒரு பேப்பர்!

ஏன் இத்தனை பேரை அடுக்குகிறேன்? பெண் என்றால் ஒரே ஒரு வகை கிடையாது. கைக்குழந்தையோடு நிற்கிற இளம் விதவைக்கு லலிதா வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்று நினைப்பவளுக்கு ஜானகி அம்மாள் வேண்டும். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு நிகார் ஷாஜி வேண்டும். பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவளுக்கு முத்துலட்சுமி வேண்டும். குப்பத்துப் பெண்ணுக்கும், தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பெண்ணுக்கும், சேரியில் முதல் பட்டதாரிக்கும், சக்கர நாற்காலியில் வகுப்புக்கு வருபவளுக்கும் அவரவர் முகத்தில் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இன்னும் வரவில்லையா? அப்படியானால் அந்த இடம் உனக்குக் காலியாக இருக்கிறது. முதலில் போகிறவளுக்குத் தனிமை உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். லலிதாவின் அப்பா செய்ததை நீயே செய். போகும்போது இரண்டு பேரை விண்ணப்பம் போட வைத்துக் கூட்டிக்கொண்டு போ.

தமிழ் வழியில் படித்தேன், இங்கிலீஷ் வராது என்று தயங்குகிறாயா? மொழி பழகப் பழக வரும். நியூட்டன் விதி உனக்குப் புரிந்தது தமிழில். புரிந்தது புரிந்ததுதான். இரண்டாம் வருடம் செமினாரில் நாக்கு தடுமாறும்போது நாலு பேர் சிரிப்பார்கள். மறுவாரமும் எழுந்து பேசு.

இப்போது அம்மா அப்பாவிடம் இரண்டு வார்த்தை. ஆராய்ச்சி என்றால் முப்பது வயது வரை உங்கள் காசில் படிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிய உங்கள் மகளுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்கும் முன்பே சம்பாதிக்கத் தொடங்கிவிடுவாள். ஆராய்ச்சி என்றால் அமெரிக்கா போக வேண்டும் என்பதும் இல்லை. காரைக்குடிக்காரர்களுக்கு சிக்ரி தெரியாதா? வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்ததால் வந்த மின்வேதியியல் ஆய்வகம் அது. அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் கணிதவியல் கழகம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம். பிளஸ் டூ முடித்ததும் சேர திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனங்கள். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது போய்விடலாம். நீட், ஜே.இ.இ. இரண்டைத் தவிர உலகத்தில் தேர்வே இல்லை என்பதுபோல் வளர்த்தது போதும். ஐசர் நுழைவுத் தேர்வு, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு ஜாம், பிறகு கேட், நெட். இந்த நான்கு பெயரையும் உங்கள் வீட்டு காலண்டரில் எழுதி வையுங்கள். நகைக்குச் சீட்டுக் கட்டுகிற வீட்டில் விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஒரு தொகை எடுத்து வைக்க முடியும்.

கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற என் தங்கைகளே, உங்களை மறக்கவில்லை. வயது தாண்டிவிட்டது என்று யார் சொன்னது? பணியில் இடைவெளி விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்ற பெயரில் உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. யூஜிசி விதிப்படி பிஎச்.டி. செய்யும் பெண்ணுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. இது சலுகை கேட்டுக் கெஞ்சுகிற விஷயம் இல்லை, எழுதி வைத்த உரிமை. உங்கள் வழிகாட்டிக்குத் தெரியாவிட்டால் விதியை அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள்.

நிறுவனங்களை நடத்துகிற பெரியவர்களே, மார்ச் 8 அன்று ரோஜாப்பூ கொடுத்துக் கோலப்போட்டி வைத்தது போதும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் வளாகத்தில் அது எங்கே? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆய்வகத்திலிருந்து விடுதி வரை விளக்கு எரிகிறதா? உள்ளகப் புகார் குழு உறுப்பினர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றனவா, அலமாரிக் கோப்பில் இருக்கின்றனவா? பெண் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். தைரியத்தை எல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டு நீங்கள் ஒரு பல்பு மாற்றாமல் இருந்தால் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? கருத்தரங்கு மேடையில் ஐந்து பேரை உட்கார வைக்கிறீர்கள், ஐவரும் ஆண்கள். கேட்டால் தகுதியான பெண் கிடைக்கவில்லை என்கிறீர்கள். தேடினீர்களா?

ஏற்கெனவே உள்ளே போய்விட்டவளே, சிக்ரியிலோ கல்பாக்கத்திலோ ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கிறவளே, கடைசியாக உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். இந்த வருடம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் போ. அழைப்பிதழ் எதிர்பார்க்காதே, தலைமையாசிரியரிடம் ஒரு பீரியடு கேள். பத்தாம் வகுப்பு மாணவிகள் முன்னால் நில். பவர்பாயிண்ட் வேண்டாம், வாழ்க்கை வரலாறு வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு லேப்புக்குப் போகிறாய், என்ன கருவியைத் தொடுகிறாய், என்ன சம்பளம் வாங்குகிறாய் என்று சொல். எந்தத் தேர்வு எழுதினாய், விண்ணப்பம் எந்த மாதம் வரும், கட்டணம் எவ்வளவு என்று போர்டில் எழுது. முதல் செமஸ்டரில் விழுந்த அரியரை மறைக்காமல் சொல். வீட்டில் எப்படிச் சண்டை போட்டாய், யார் உன் பக்கம் நின்றார்கள் என்றும் சொல். கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து எழுதச் சொல். மணி அடித்த பிறகும் ஒருத்தி வாசலில் தயங்கி நிற்பாள். அவளிடம் உன் போன் நம்பரைக் கொடு.